எட்டு அங்குல மயில்

கால் இடிக்குதா சார்? கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிக்கறேன். மேல ஏத்துங்கன்னு கண்டக்டர் சொன்னாரு, நான்தான் மாட்டேன்னுட்டேன். மேல வெச்சா குலுங்கும். வாடிப்பட்டி வரைக்கும் ரோடு வேற சரியில்ல.

தையல் மெஷின் இல்ல சார். பாக்க அப்படித்தான் இருக்கும். இது எம்ப்ராய்டரி மெஷின். பூ, கிளி, பேரு, எது வேணும்னாலும் தானா போடும். நாம பென் டிரைவ்ல டிசைனைக் கொண்டுபோய்ச் சொருகி, துணியை ஃபிரேம்ல இறுக்கி மாட்டி, பட்டனை அமுக்கினா போதும். ஊசி பாட்டுக்குக் குத்திக்கிட்டே இருக்கும். அப்படித்தான் நானும் நெனச்சேன். அது தப்பு. மதுரைக்கு இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கே, சொல்றேன். நீங்க தூங்கணும்னா சொல்லுங்க.

என் பேரு திருமேனிநாதன். சர்வேயரா இருந்து ரிட்டையர் ஆனேன். முப்பத்தி நாலு வருஷம். திண்டுக்கல், நத்தம், வேடசந்தூர் அந்தப் பக்கம் பூரா நான் நடக்காத வரப்பு இல்ல. ஒரு சாண் நிலத்துக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அரிவாளோட நிப்பாங்க. நான் டேப்பை நீட்டி, இது உனக்கு, இது அவனுக்குன்னு சொன்னா கீழ போட்டுட்டுப் போவாங்க. அளவுன்னா நான்தான், அப்படி ஒரு பேரு. இதை எதுக்குச் சொல்றேன்னா, இந்தக் கதையில நான் கோட்டை விட்டது பூராவும் அளவுலதான்.

ரிட்டையர் ஆன பணத்துல வீட்டம்மாவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கணும்னு ஆசை. அவ பேரு மங்கையர்க்கரசி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கையால பூ போட்டுக்கிட்டு இருப்பா, தலகாணி உறை, கைக்குட்டை, இப்படி. அவளுக்காகத்தான் வாங்கினேன். கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். கடைக்காரர் எல்லாம் சொல்லி முடிச்சதும் மங்கை ஒண்ணே ஒண்ணு கேட்டா, இதுல எவ்வளவு பெரிசா போடலாம்னு. அவரு ஃபிரேமை எடுத்துக் காட்டினாரு. இவ உள்ளங்கையை அது மேல விரிச்சு வெச்சுப் பாத்தா. சரின்னு தலையாட்டினா. எனக்கு ஒரே கூச்சம். இவ்வளவு பெரிய கடையில வந்து கைய வெச்சு அளக்கறாளேன்னு. சின்னச் சின்ன விஷயமெல்லாம் கேக்காதன்னு காதுல சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் யாரு பெட்டியைப் பிரிச்சது? நான்தான். யாரு மொதல்ல உக்காந்தது? அதுவும் நான்தான். அவளுக்கு எலக்ட்ரானிக் சாமான்னா பயம் சார். பழகட்டும், நான் மொதல்ல கத்துக்கிட்டு அப்புறம் சொல்லித் தரேன்னேன். அவ வெளக்கப் புஸ்தகத்தை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா. நான் அதைத் தேடவே இல்ல. நூத்தி இருவது பக்கம் படிச்சா மெஷின் ஓட்டணும்?

அந்தச் சமயத்துலதான் பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. நிரஞ்சனான்னு பேரு. ஒரே பொண்ணு. மாப்பிள்ளை வீடு பெரியகுளம். நிச்சயதார்த்தத்துல சம்பந்தியம்மா, முகூர்த்தப் புடவை ஜாக்கெட்டுக்கு எங்க வேலைப்பாடு பண்ணப் போறீங்கன்னு கேட்டாங்க. சாதாரணமாத்தான் கேட்டாங்க. நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். நாப்பது பேரு உக்காந்திருந்தாங்களா, எந்திரிச்சு நின்னே சொல்லிட்டேன். வெளியில எதுக்கு, நம்ம வீட்டு மெஷின்லயே நான் போட்டுத் தரேன், முதுகு நெறைய கோபுரம், கோபுரத்துக்கு முன்னால தோகை விரிச்ச மயிலுன்னு.

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு.

மங்கை பக்கத்துல வந்து மெதுவா, மயிலு வேண்டாங்க, மாங்கா போதும்னா. கல்யாணப் பொண்ணு முதுகுல மாங்காவான்னு நான் சிரிச்சேன். நாலு பேரும் சிரிச்சாங்க. அவ உள்ள போயிட்டா.

மறுநாள் காலையில நெட்டுல தேடி அந்தக் கோபுரத்தையும் மயிலையும் கண்டுபிடிச்சேன். எட்டு அங்குலம். பென் டிரைவ்ல ஏத்தி மெஷின்ல சொருகினேன். திரையில ஒண்ணுமே இல்ல. தப்புன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. கழட்டிச் சொருகினேன், ஊதிச் சொருகினேன். மத்த ரோஜாப்பூ, பட்டாம்பூச்சி எல்லாம் தெரியுது, என் மயில மட்டும் காணோம். மெஷின் கோளாறுன்னு முடிவு பண்ணி சர்வீசுக்கு ஃபோன் போட்டேன். ஷெர்லின்னு ஒரு பொண்ணு எடுத்துச்சு. நான் பாட்டுக்குக் கத்தறேன். அது பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, சார், உங்க டிசைன் எத்தனை மில்லிமீட்டர்னு கேட்டுச்சு.

யாரைப் பாத்து என்ன கேள்வி பாருங்க.

அதெல்லாம் பாக்கலம்மா, ஒரு கோபுரமும் மயிலும், அவ்வளவுதான்னேன். அப்புறம் அதுதான் வெளக்கிச்சு. இந்த மெஷின் ஃபிரேம் நூறுக்கு நூறு மில்லிமீட்டர். அதைவிடப் பெரிய டிசைன் இருந்தா மெஷின் அதைக் கண்ணால பாக்கவே பாக்காது. இது தவிர ஒரு டிசைன்ல இத்தனை ஆயிரம் தையலுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு வரம்பு. என்னோட கோபுரமும் மயிலும் சேந்து ஒரு லட்சத்தி இருவதாயிரம் தையல். நில உச்சவரம்புச் சட்டத்துல எத்தனை பேரு நிலத்தை அளந்து எடுத்தவன் நான். எனக்கே உச்சவரம்பு.

சரின்னு கோபுரத்தை இடிச்சேன். கம்ப்யூட்டர்ல சார். மயிலு மட்டும் அறுபத்தி நாலாயிரம் தையல் வந்துச்சு. அது வரம்புக்குள்ள. அளவையும் சுருக்கி நாலு அங்குலம் ஆக்கினேன். நூறு மில்லிமீட்டர்னா நாலு அங்குலம்தானே. சொருகினேன். மறுபடியும் காணோம். மறுபடியும் ஃபோன். மறுபடியும் ஷெர்லின். நாலு அங்குலம்னா நூத்தி ஒண்ணு புள்ளி ஆறு மில்லிமீட்டர் சார்னுச்சு. ஒண்ணரை மில்லிமீட்டருக்கா இந்தப் பாடு படுத்துதுன்னு கேட்டேன். ஆமா சார்னுச்சு. வெச்சுட்டேன். ஒரு சாணுக்கு ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்து வெச்சவன், ஒண்ணரை மில்லிமீட்டரைச் சில்லறைன்னு சொல்றேன். அந்தப் பொண்ணுக்கு என் உத்தியோகம் தெரியாது, அது வரைக்கும் தப்பிச்சேன்.

தொண்ணூத்தெட்டு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்ததும் மயிலு திரையில வந்துருச்சு. எனக்கு சந்தோஷம் தாங்கல. வெள்ளோட்டத்துக்கு என் கைக்குட்டையை மாட்டிப் பட்டனை அமுக்கினேன். ரெண்டு ஊசி உடைஞ்சுது. மயிலு பாதியாச் சுருங்கிடுச்சு, தையல் எண்ணிக்கை கொறையல பாருங்க. எட்டு அங்குலத்துல உக்காந்திருந்த அறுபத்தி நாலாயிரம் தையலும் அப்படியே ஒரு உள்ளங்கைக்குள்ள வந்து நெருக்கியடிச்சு உக்காந்திருக்கு. கைக்குட்டையைக் கழட்டினா மடங்க மாட்டேங்குது. மங்கை காபி டம்ளரைக் கொண்டுவந்து அது மேல வெச்சுட்டுப் போனா. இன்னைக்கும் எங்க வீட்டுல டம்ளர் அது மேலதான் இருக்கு.

இதோட விட்டிருந்தா இது கதையே இல்ல. ஆனா நாப்பது பேரு முன்னால சொல்லியாச்சு. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை. ஒரு ஊரை ஒரே வரைபடத்துலயா போடறோம்? தனித்தனித் தாள்ல போட்டு ஒட்டறோம்ல? அதே மாதிரி எட்டு அங்குல மயில ஒரு துளி சுருக்கி, நாலு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டா ஃபிரேம்ல மாட்டிப் போட்டா? மூலைக்கு மூலை சாக்பீஸ்ல குறி வெச்சு, எல்லைக் கல்லு மாதிரி நட்டுட்டா அளவு எங்க போகும்? என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன்.

மங்கை அன்னைக்கு அவ தங்கச்சி வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தா. முகூர்த்தப் புடவையோட வந்த ஜாக்கெட் பிட்டு பீரோவுல இருந்துச்சு. கத்திரிப்பூ கலரு. புடவையோடவே நெய்தது. வேற எங்க தேடினாலும் அந்தக் கலரு கிடைக்காது. அந்தப் புடவைக்காக நிரஞ்சனா மூணு கடை ஏறி எறங்கினா. இது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் எடுத்தேன். பழைய துணியில போட்டுப் பாத்திருக்கலாமேன்னு நீங்க நெனைக்கறீங்க. நானும் இப்ப நெனைக்கறேன்.

பிட்டை விரிச்சு நட்டநடுவுல கல்லு நட்டேன். மொதல் துண்டு, தலையும் கழுத்தும். பிரமாதமா வந்துச்சு. பட்டுல அந்த நீலம் எழும்பி நிக்குது. அப்புறம் துணியைக் கழட்டிக் கீழ தள்ளி, ரெண்டாவது துண்டுக்கு மாட்டினேன். இங்கதான் சார் ஒரு விஷயம். நிலம் இழுத்தா நீளாது, பட்டு நீளும். ஃபிரேம்ல இறுக்கறப்போ ஒரு பக்கம் போகும், சாக்பீஸ் கல்லும் அதோட சேந்து நடந்து போகும். எனக்கு நடக்கற கல்லு பழக்கம் இல்ல. ஊசி நின்னதும் பாத்தேன். கழுத்து ஒரு எடத்துல முடியுது, உடம்பு ஒரு விரக்கடை தள்ளி ஆரம்பிக்குது. நடுவுல வெறும் கத்திரிப்பூ. தலை வேற யாரோ, உடம்பு வேற யாரோ.

பிரிச்சு எடுக்கப் பாத்தேன். பட்டு சார், ஊசி போன எடமெல்லாம் ஓட்டை. பிட்டைச் சுருட்டி, பழைய வரைபடமெல்லாம் போட்டு வெச்சிருக்கற தகரக் குழாய்க்குள்ள சொருகி மூடிட்டேன்.

எத்தனை நாளைக்கு? பத்து நாள் அந்தக் குழாய்க்குள்ள இருந்துச்சு. தைக்கக் கொடுக்கணும்னு மங்கை பீரோவைத் திறந்தா, பிட்டு இல்ல. என்கிட்ட கேக்கல. வீடு பூரா தேடல. நேரா போய் அந்தக் குழாயைத் திறந்தா. எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கு இன்னும் புரியல. சாப்பாட்டு மேசையில விரிச்சு வெச்சா. நிரஞ்சனாவும் வந்து நின்னா. திட்டினா நான் தயாரா இருந்தேன், ஃபிரேம் அளவு, தையல் எண்ணிக்கை, பட்டோட இழுவை எல்லாத்தையும் சொல்லலாம்னு. சொல்லவும் ஆரம்பிச்சேன். நூத்தி ஒண்ணு புள்ளி ஆறு வரைக்கும் வந்துட்டேன்.

பொண்ணு சொன்னா, "அப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

அவ்வளவுதான். அழல. ரூமுக்குள்ள போயிட்டா.

மங்கை துணி மேல உள்ளங்கையை வெச்சு அளந்தா. மேல ஒரு கை, கீழ ஒரு கை. அப்புறம் அதை மடிச்சு எடுத்துக்கிட்டு, பொண்ணையும் கூட்டிக்கிட்டு ரஹ்மத் நிஷா கடைக்குப் போனா. எங்க தெருமுனையில தைக்கறவங்க. நான் வீட்டுலயே உக்காந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழிச்சு ரஹ்மத் நிஷாகிட்டேர்ந்து ஃபோன் வருது. சார், துணியை இன்னும் வெட்டல, அதனால வழி இருக்கு. கெட்டுப்போன எடம் அப்படியே முதுகுக்கு நடுவுல வர்ற மாதிரி வெச்சு வெட்டிட்டா, அதையே இலை மாதிரி வெட்டி எடுத்துட்டு ஜன்னலா விட்டுடலாம். ஆனா நீங்க சம்மதிக்கணும்னு வீட்டுல சொல்றாங்கன்னாங்க.

இதுல ஒரு சங்கதி இருக்கு சார். காலேஜ்ல கடைசி வருஷம் நிரஞ்சனா முதுகுல ஜன்னல் வெச்சு ஒரு ஜாக்கெட் தெச்சிருந்தா. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இதே ரஹ்மத் நிஷாதான் தெச்சாங்க. நான் அதைத் திருப்பி அனுப்பி, துணி வெச்சு மூடித் தரச் சொன்னேன். அடுத்த தடவை இப்படித் தெச்சா நம்ம வீட்டுத் துணியே வராதுன்னும் சொல்லி அனுப்பினேன். இப்போ அவங்க அன்னைக்கு வெச்சதைவிட ரெண்டு மடங்கு ஜன்னலுக்கு என்கிட்டயே அனுமதி கேக்கறாங்க. எடம் குறிச்சுக் கொடுத்ததும் நான்தான்.

செய்ங்கன்னேன். அந்தப் பக்கம் பொண்ணு சிரிச்ச சத்தம் கேட்டுச்சு.

மறுநாள் மங்கை மெஷின் முன்னால உக்காந்தா. அவளுக்கு ஓட்டத் தெரியாதேன்னு நான் பின்னாலயே போய் நிக்கறேன். ஒரு நோட்டை எடுத்து வெச்சா. அதுல பக்கம் பக்கமா எழுதியிருக்கா. எந்தத் துணிக்கு அடியில என்ன தாள் வைக்கணும், எவ்வளவு சுருக்கினா எத்தனை தையல் கொறைக்கணும், எந்த நூலுக்கு எந்த ஊசி. நான் மத்தியானம் ஒண்ணரை மணி நேரம் தூங்குவேன் சார், அது சர்வீஸ்ல இருந்தப்போலேர்ந்து பழக்கம். அந்த நேரத்துல அவ என்ன செய்வான்னு நான் விசாரிச்சதில்ல. சீரியல் பாப்பான்னு நெனச்சிருந்தேன். மொதல் பக்கத்துல ஒரே வரி. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர், என் உள்ளங்கை, போதும்னு எழுதியிருந்தா.

ஆறு சென்டிமீட்டர்ல ஒரு மாங்கா. ஒண்ணுக்கு நாலாயிரம் தையல் கூட வராது. எடம் விட்டு எடம், ஒண்ணோட ஒண்ணு சேர வேண்டிய அவசியமே இல்லாத மாதிரி போட்டா. ஜன்னல் ஓரத்தைச் சுத்தி, ரெண்டு கைக்கும். மொத்தம் இருவத்திரெண்டு. எனக்கும் வேலை கொடுத்தா, நீட்டிக்கிட்டு இருக்கற நூலை வெட்டற வேலை. நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தா கத்திரிக்கோலை என் பக்கம் தள்ளுவா. அந்த ஆறு நாளும் எங்க வீட்டுல சத்தமே இல்ல. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு. நூல் வெட்டறதுல நான் கெட்டிக்காரன்.

கல்யாணத்தன்னைக்கு சம்பந்தியம்மா பொண்ணைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஏத்த மாதிரி நாசூக்கா இருக்கு, யாரு வேலைன்னு கேட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். வீட்டு மெஷின்ல நாங்களே போட்டதுதான்னேன். நாங்களேன்னா பொய் இல்லையே சார், நூல் யாரு வெட்டினது? எல்லாரும் எனக்குக் கை கொடுத்தாங்க. மங்கை தாம்பூலப் பை கொடுத்துக்கிட்டு இருந்தா. கேட்டாளோ என்னவோ.

அப்புறம் அந்தப் பக்கத்து சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா துணி கொடுத்து அனுப்ப ஆரம்பிச்சாங்க. இப்போ மங்கை தினமும் உக்காந்துடறா. மாங்கா, அன்னம், கொடி. எல்லாம் உள்ளங்கை அளவுதான். எனக்கு அதைப் பாக்கப் பாக்க மனசு கேக்கல. இவ்வளவு தெறமை இருக்கு, பாவம், நாலு அங்குலத்துக்குள்ள அடைச்சு வெச்சிருக்கோமேன்னு. அதான் இன்னைக்கு இதைத் தூக்கிக்கிட்டு மதுரைக்குக் கெளம்பிட்டேன். இதைக் கொடுத்துட்டு பெரிய ஃபிரேம் உள்ள மெஷினா மாத்தறதுக்கு. பதினாலு அங்குலம் வரைக்கும் வரும். பதினாலுக்கு எத்தனை மில்லிமீட்டர்னு இந்தத் தடவை கேட்டு எழுதி வெச்சிருக்கேன்.

வீட்டுலயா? சொல்லல. அவ காலையிலயே பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போயிட்டு அப்படியே தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னா. மூணு மணிக்குத்தான் வருவா. வந்து பாத்தா மேசையில பெரிய மெஷின் இருக்கும். சர்ப்ரைஸ்.

கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா, அதான் கேக்கல. அவ எதுக்குமே போதும்பா சார். புடவையா போதும், நகையா போதும். முப்பத்தி மூணு வருஷமா அப்படித்தான். நாமளா பாத்து வாங்கினாத்தான் உண்டு.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க?

அதான், கேக்கல. இப்பச் சொல்றப்போ எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. பொண்ணும் இதையேதான் சொன்னா, இல்ல?

சார், இதுல இன்னொண்ணு இருக்கு. அதை நான் பெரிசா எடுத்துக்கல. காலையில நான் மெஷினை எடுக்கறப்போ ஃபிரேம்ல துணி இருந்துச்சு. சம்பந்தியம்மாவோட தங்கச்சி பொண்ணுக்கு, பட்டு, மிளகாப்பழச் செவப்பு. அன்னம் பாதி போட்டிருந்தா. தலையும் கழுத்தும் முடிஞ்சு, உடம்பு ஆரம்பிச்சிருந்துச்சு. ஃபிரேமோட பெட்டியில வெச்சா மூடல. அதனால துணியைக் கழட்டி மடிச்சுக் கட்டில் மேல வெச்சுட்டு வந்தேன். பத்திரமாத்தான் வெச்சேன்.

கழட்டின துணியை அதே எடத்துல திரும்ப மாட்ட முடியாது சார். பட்டு நகந்துடும். இந்த ஊருல வேற யாருக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும். எப்படிக் கழட்டினேன்? மாட்டியிருந்ததை நான் பாக்கவே இல்லையா, பெட்டி மூடணும்னு மட்டும்தான் பாத்தேனா?

இது என்ன எடம், வாடிப்பட்டியா? கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்க, ஒரு ஆளு எறங்கணும். ஆமாங்க, டிக்கெட் மதுரைக்குத்தான். பரவால்ல.

ஒரு கை பிடிங்க சார். திரும்பற பஸ்ஸைப் பிடிச்சா மூணு மணிக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். மொதல்ல நெனச்சேன், மெஷினைப் பழைய எடத்துல வெச்சு, கரண்ட் போச்சு அதான் நின்னுருச்சுன்னு சொல்லிடலாம்னு. அந்தத் தகரக் குழாயைத் திறந்தவகிட்ட அது செல்லாது. நானே சொல்லிடறேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல ஒரு தப்பை நான்தான் பண்ணேன்னு அவ கண்டுபிடிக்கறதுக்கு முன்னால நான் சொன்னதே இல்ல. அவளா தெரிஞ்சுக்குவா, நான் காரணம் சொல்லுவேன், அப்படியே ஓடிருச்சு.

"மங்கை, உன் துணியை நான்தான் கழட்டிட்டேன். உன்னைக் கேட்டிருக்கணும்." இவ்வளவு போதுமா சார்? அப்புறம் அவ சொல்றதைக் கேட்டுக்கணும், குறுக்க பேசக்கூடாது. அதுதான் கொஞ்சம் கஷ்டம்.

பின்பக்கம் பிடிச்சுக்கங்க, படி இருக்கு. மெதுவா.